'மேட் இன் ஜப்பான்': ஒரு மேடைப் பதிவின் வரலாறு

இங்கிலாந்தின் ஹார்ட் ராக் குழுவான டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்ட் மாதம் ஜப்பானில் மூன்று கச்சேரிகள் செய்தது. 15, 16 ஆகிய இரு நாட்களும் ஒசாகா நகரின் ஃபெஸ்டிவல் ஹாலில், 17ஆம் தேதி டோக்கியோவின் நிப்பான் புடோகன் அரங்கில். அந்த மூன்று இரவுகளின் ஒலிநாடாக்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த இரட்டை இசைத்தட்டுதான் 'மேட் இன் ஜப்பான்'. இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், ஏழே பாடல்கள், ஏறத்தாழ 76 நிமிடங்கள். ஜப்பானியச் சந்தைக்கு மட்டும் என்று தொடங்கிய இந்த வேலை, ராக் இசையின் மேடைப் பதிவுகளில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் ஒன்றாக முடிந்தது. அது எப்படி நேர்ந்தது என்பதற்கான விடை, குழுவின் வாசிப்பு முறையிலும் பதிவு நடந்த சூழலிலும் பாதிப் பாதியாக இருக்கிறது.

டீப் பர்ப்பிள் 1968இல் ஹார்ட்ஃபர்டில் உருவானது. முதல் அணியின் பாடகரும் பேஸ் கித்தார் கலைஞரும் அடுத்த ஆண்டே மாற்றப்பட்டார்கள். எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து பாடகர் இயன் கில்லனும் பேஸ் கலைஞர் ரோஜர் குளோவரும் வந்து சேர்ந்தனர். கித்தாரில் ரிச்சி பிளாக்மோர், ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்ஸில் இயன் பெய்ஸ் ஏற்கெனவே இருந்தனர். இந்த ஐவர் அணியைத்தான் ரசிகர்கள் 'மார்க் டூ' என்பார்கள்.

இந்த அணியின் ஒலி, ஒன்றோடொன்று மோதும் இரண்டு வாத்தியங்களின் மேல் எழுந்தது. அக்கால ராக் குழுக்கள் பலவற்றில் கித்தார் தலைமை தாங்கும். ஆர்கன் இருந்தால் பின்னால் நின்று இடத்தை நிரப்பும். இங்கே அப்படி இல்லை. ஜான் லார்ட் முறையாக மேற்கத்திய செவ்வியல் பயிற்சி பெற்றவர். தம்முடைய ஹேமண்ட் ஆர்கனை, அதற்கென்று உள்ள சுழலும் ஒலிபெருக்கியோடு நிறுத்திவிடாமல், கித்தாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களில் இணைத்தார். தேவாலயத்தில் கேட்கும் வாத்தியம் உறுமத் தொடங்கியது. கண்ணை மூடிக் கேட்டால் சில இடங்களில் எது கித்தார், எது ஆர்கன் என்று பிரிப்பது கடினம். பிளாக்மோரோ ப்ளூஸ் மரபில் காலூன்றியபடியே பாக் காலத்து ஐரோப்பிய இசையின் சுரக்கோவைகளை மின்கித்தாருக்குக் கொண்டுவந்தவர். இவர்கள் இருவரையும் ஒரே தாளத்தில் கட்டிவைக்கும் வேலை பெய்ஸுக்கும் குளோவருக்கும்.

மேடையில் பதிவு செய்த இசைத்தட்டு இவர்களுக்குப் புதிதன்று. லார்ட் எழுதிய 'கன்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்க்கெஸ்ட்ரா' 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மால்கம் ஆர்னல்டின் நடத்துகையில், ராயல் ஃபில்ஹார்மானிக் வாத்தியக் குழுவோடு அரங்கேறியது. அது தட்டாகவும் வந்தது. ஆனால் அது எழுதிவைத்த இசையை நூற்றுக்கு நூறு பின்பற்ற வேண்டிய நிகழ்ச்சி. குழுவின் அன்றாடக் கச்சேரி அதற்கு நேர் எதிரானது. அந்தக் கச்சேரியை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்வதில் அவர்களுக்கு நாட்டமே இல்லை. மேடையில் அன்றன்றைக்குப் பிறந்து அன்றைக்கே மறைவதை நாடாவில் பிடித்துவைப்பதால் என்ன பயன் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது.

ரசிகர்கள் அப்படி நினைக்கவில்லை. அரங்குகளுக்குள் ஒளித்து எடுத்துச் சென்ற கருவிகளில் பதிவான கள்ளத் தட்டுகள் ஐரோப்பாவில் கைமாறின. 1970இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் அவர்கள் வாசித்தது 'எச் பாம்' என்ற பெயரில் அப்படிப் பரவியது. ஒலி மோசம், ஆனாலும் வாங்க ஆள் இருந்தது. இதற்கிடையில் மேடைப் பதிவு என்ற வடிவமே மதிப்புப் பெற்றுவிட்டிருந்தது. ஜேம்ஸ் பிரவுன் 1962 அக்டோபரில் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் தம் கைப்பணத்தைப் போட்டுப் பதிவு செய்தது முன்மாதிரி. 1970இல் தி ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்', 1971இல் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' ஆகியவை, ஒலிப்பதிவுக்கூடத்தில் செய்ததைவிட மேடையில் செய்தது உயர்ந்து நிற்க முடியும் என்று காட்டின.

1972 மார்ச்சில் டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' வெளியானது. ஜப்பான் கச்சேரிகளின் முதுகெலும்பு இந்தத் தொகுப்புதான் என்பதால் அது உருவான விதத்தைச் சொல்லியாக வேண்டும். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரக் கேசினோவில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை நிறுத்திப் பதிவு செய்வதாகத் திட்டம். டிசம்பர் 4 அன்று அங்கே ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது பார்வையாளர் ஒருவர் சுடரொளித் துப்பாக்கியைக் கூரை நோக்கிச் சுட, கட்டடம் முழுவதும் எரிந்து போனது. ஜெனீவா ஏரியின் மேல் பரவிய புகையைப் பார்த்தவர்கள் அதையே பாடலாக்கினார்கள். அது 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. பிறகு மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரங்களில் கருவிகளைப் பரப்பி, ஒலியைத் தடுக்க மெத்தைகளைச் சாய்த்துவைத்து, சில வாரங்களில் வேலையை முடித்தார்கள். கூடத்தில் வாசித்தாலும் மேடையில் வாசிப்பதுபோல் ஒலிக்க வேண்டும் என்பதே அந்தப் பதிவில் அவர்கள் தேடியது. ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பர்ச். இந்தப் பெயர் அடுத்தும் வரும்.

ஜப்பானில் அவர்களுடைய தட்டுகள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. அந்த நாட்டில் மேற்கத்திய ராக் குழுக்களுக்கான கதவு அப்போதுதான் அகலத் திறந்திருந்தது. லெட் செப்பலின் 1971 செப்டம்பரில் வந்து போயிருந்தது. அமெரிக்காவின் சிகாகோ குழு 1972 ஜூனில் அதே ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலில் வாசித்ததை ஜப்பானுக்கென்றே ஒரு மேடைத் தட்டாகப் பதிவு செய்திருந்தார்கள். டீப் பர்ப்பிள் வரும்போதும் அப்படி ஒன்று வேண்டும் என்று அங்குள்ள வார்னர் நிறுவனம் கேட்டது. குழு முதலில் தயங்கியது. பிறகு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. தங்கள் ஆளான மார்ட்டின் பர்ச்தான் பதிவு செய்ய வேண்டும். நாடாக்களைத் தாங்கள் எடுத்துச் சென்று கேட்டு, ஒலிக்கலவை செய்து, சரி என்று பட்டால்தான் வெளியீடு. தரம் தங்கள் கையை மீறிய ஒன்று தங்கள் பெயரில் வெளிவந்துவிடக் கூடாது என்ற தற்காப்பு இது. பின்னால் பார்க்கும்போது, தட்டின் தலைவிதியை எழுதியவை இந்த இரு நிபந்தனைகள்தான்.

ஆண்டின் முற்பகுதியில் நடக்க வேண்டிய பயணம் ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப் போயிற்று. அந்த ஆண்டு குழுவுக்கு ஓய்வே இல்லாத ஆண்டு. அமெரிக்கப் பயணங்கள், நடுவே பிளாக்மோருக்கு மஞ்சள் காமாலை, ஜூலையில் ரோமில் அடுத்த தொகுப்புக்கான பதிவு என்று அலைந்துகொண்டிருந்தார்கள். ஜூன் இறுதியில் லண்டன் ரெயின்போ அரங்கில் அவர்கள் வாசித்தபோது ஒலி 117 டெசிபல் அளவைத் தொட்டதாகப் பதிந்து, உலகின் மிக உரத்த குழு என்று கின்னஸ் நூல் அவர்களைக் குறித்தது. விடாமல் மேடையேறியதால் ஐவருக்கும் இடையிலான புரிதல் உச்சத்தில் இருந்தது. உடலும் மனமும் களைத்திருந்தன. இரண்டும் ஒரே வேளையில் உண்மை. இரண்டும் தட்டில் கேட்கும்.

இரண்டு அரங்குகளும் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்டவை. ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால் 1958இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,700 இருக்கைகள். செவ்வியல் இசைக்கும் ஆப்பெராவுக்கும் ஏற்ற ஒலியமைப்பு என்று பெயர் பெற்றது. புடோகன் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிகளுக்காக எழுப்பிய எண்கோணக் கட்டடம். பல ஆயிரம் பேர் அமரக்கூடியது. 1966இல் பீட்டில்ஸ் அங்கே பாடியபோது, தற்காப்புக் கலைகளின் புனித இடத்தில் பாப் இசையா என்று எதிர்ப்புக் கிளம்பியது. இசைக்கென்று கட்டியதல்ல ஆதலால் அதன் எதிரொலி பதிவுக்காரருக்குத் தொல்லை. ஏழு பாடல்களில் ஐந்து ஒசாகாவிலிருந்தும் இரண்டே இரண்டு டோக்கியோவிலிருந்தும் தேர்வானதை இந்த வேறுபாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பதிவுக்கருவி எட்டுத் தடங்கள் கொண்டது. ஐந்து பேர் கொண்ட குழுவின் டிரம்ஸ், பேஸ், கித்தார், ஆர்கன், குரல், அவையோரின் ஒலி எல்லாவற்றையும் எட்டுத் தடங்களுக்குள் அடக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றின் அளவையும் அந்த இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். பிறகு பிரித்துத் திருத்தும் வசதி குறைவு. பர்ச்சுக்கு இந்தக் குழுவின் ஒலி மனப்பாடம் என்பதால்தான் இது முடிந்தது. மொத்தச் செலவு 3,000 டாலர் அளவில்தான் ஆயிற்று என்று லார்ட் பின்னாளில் கூறியிருக்கிறார். அக்காலக் கணக்கிலும் அது மிகக் குறைந்த தொகை. மேடையில் நின்றவர்கள் பதிவு நடப்பதைப் பெரிதாக மனத்தில் கொள்ளவில்லை. அது ஜப்பானைத் தாண்டிப் போகும் என்று அவர்கள் எண்ணவில்லை. பதிவுக்காக அடக்கி வாசிக்கும் எச்சரிக்கை அந்த மூன்று இரவுகளில் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

தட்டின் முதல் பாடல் 'ஹைவே ஸ்டார்'. தொடக்கத்திலேயே ஆர்கனும் டிரம்ஸும் சரிபார்க்கும் சத்தம், கில்லன் அவையோரிடம் பேசுவது எல்லாம் அப்படியே விடப்பட்டுள்ளன. பெய்ஸ் சிறுபறையில் மெல்லத் தொடங்கும் உருட்டல் வளர்ந்து வளர்ந்து மொத்தக் குழுவையும் இழுத்துக்கொண்டு வேகமெடுக்கிறது. லார்டும் பிளாக்மோரும் ஆளுக்கொரு தனி வாசிப்பு. இரண்டிலும் பாக் காலத்துப் படிக்கட்டுச் சுரவரிசைகள். 'மெஷின் ஹெட்' பதிவில் பிளாக்மோரின் வாசிப்பு முன்கூட்டியே கட்டமைத்தது. மேடையிலும் அந்தக் கட்டமைப்பு இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி அவர் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் அதிகம்.

இரண்டாவது 'சைல்ட் இன் டைம்'; 12 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். 1970இல் வந்த 'டீப் பர்ப்பிள் இன் ராக்' தொகுப்பின் பாடல் இது. இதன் ஆர்கன் பல்லவி, சான் ஃபிரான்சிஸ்கோவின் 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' குழுவின் 'பாம்பே காலிங்' என்ற வாத்திய இசையிலிருந்து எடுத்து வேகம் குறைத்து அமைத்தது. அந்தக் குழுவும் பதிலுக்கு டீப் பர்ப்பிளின் வேறொரு இசையை எடுத்துக்கொண்டது. கில்லன் தணிந்த குரலில் தொடங்கி, சொற்கள் தீர்ந்த பிறகு வெறும் உயிரொலியால் படிப்படியாக மேலே ஏறுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி உயரம். இதற்கு மேல் குரல் போகாது என்று கேட்பவர் நினைக்கும் இடத்துக்கு அப்பாலும் போகிறது. இந்தப் பாடலைக் கேட்டுத்தான் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசைநாடகத் தட்டில் ஏசுவாகப் பாட அவரை அழைத்தார்கள். ஒசாகாவில் அவருக்கு மூச்சுக்குழல் அழற்சி. அந்த நிலையில் பாடியது இது என்பதை அறிந்து கேட்டால் வியப்பு கூடுகிறது. கில்லனுக்கோ அந்த நாட்களில் தாம் பாடியது திருப்தி தரவே இல்லை. அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கலைஞர் தம்மைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு எப்போதும் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தப் பன்னிரண்டு நிமிடங்கள் சான்று.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும் முதல் இரவுப் பதிவு. உலகெங்கும் கித்தார் பழகுகிறவர்கள் முதலில் விரல் வைக்கும் இசைத்தொடர் இதன் தொடக்கத்தில் வருவது. பிளாக்மோர் அதை இரவுக்கு இரவு மாற்றி விளையாடும் பழக்கமுள்ளவர். அந்தத் தொடரை ஒலிப்பதிவுக்கூடப் பதிவில் உள்ளதுபோல அவர் ஒழுங்காக வாசித்தது 15ஆம் தேதி மட்டுமே. மற்ற வகையில் குழு இன்னும் முழுதாகச் சூடேறாத இரவு அது என்றாலும், இந்தப் பாடலுக்கு அந்த இரவைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது டோக்கியோவில் பதிவான 'த மியூல்'. 'ஃபயர்பால்' தொகுப்பின் சிறு பாடல் ஒன்று இங்கே ஒன்பதரை நிமிடமாகிறது. அதில் பெரும்பங்கு பெய்ஸின் தனி வாசிப்பு. கர்நாடகக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் ரசிகர்கள் எழுந்து போகும் வழக்கம் உண்டு. ராக் கச்சேரியின் டிரம்ஸ் தனியும் அதே பழிக்கு ஆளானது. பெய்ஸின் வாசிப்பு அந்தப் பழிக்கு உரியதன்று. இடதுகைக்காரரான அவர் ஜாஸ் மரபின் பெரிய டிரம்ஸ் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்தவர். பலத்தைக் காட்டிலும் மணிக்கட்டின் நெகிழ்வை நம்புகிறவர். அவர் வேகமாக வாசிக்கும்போதும் தாளம் துள்ளுகிறது, இடிப்பதில்லை. ஹார்ட் ராக் என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த ஒரு பகுதியை.

மூன்றாம் பக்கத்தைத் தொடங்குவது 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்'. 1971இல் தனிப்பாடல் தட்டாக வந்து இங்கிலாந்துப் பட்டியலில் 8ஆம் இடம் பெற்றது. மேடையில் இதன் நடுவே கித்தாருக்கும் குரலுக்கும் நடக்கும் கேள்வி-பதில்தான் உயிர். பிளாக்மோர் ஒரு சிறு சுரத்தொடரைப் போட, கில்லன் குரலால் அதை அப்படியே திருப்பித் தருகிறார். தொடர் நீள்கிறது, வளைகிறது, உயர்கிறது. குரல் விடாமல் துரத்துகிறது. முடிவில் கித்தார் எட்டாத ஓர் ஓங்கிய நீள்ஒலியில் கில்லன் நிற்கிறார். அவை ஆர்ப்பரிக்கிறது. மேடைக்கு வெளியே இந்த இருவருக்கும் அப்போதே பேச்சுவார்த்தை குறைந்துவந்தது. உறவு கசந்த பிறகும் காதுகள் ஒத்துழைத்தன.

'லேசி' டோக்கியோவில் பதிவான மற்றொன்று. லார்ட் ஆர்கனை உறுமவும் கீறவும் வைத்துத் தொடங்குகிறார். வாத்தியம் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும் ஒலிகளிலிருந்து ப்ளூஸ் மெட்டு மெல்லத் தலை நீட்டுகிறது. கில்லன் ஹார்மோனிகா வாசிக்கிறார். பிளாக்மோர் தம் தனி வாசிப்பின் நடுவில் சுவீடனின் ஹூகோ ஆல்வேனுடைய 'சுவீடிஷ் ராப்சடி' மெட்டை ஓரிரு கணம் நுழைத்துவிட்டு நகர்கிறார். எடுத்துக்காட்டியதும் தெரியாது, விட்டதும் தெரியாது.

நான்காம் பக்கம் முழுவதும் ஒரே பாடல்: 'ஸ்பேஸ் டிரக்கின்'. கூடப் பதிவில் நாலரை நிமிடம். இங்கே ஏறத்தாழ 20 நிமிடம். பாடல் என்று சொல்லத்தக்க பகுதி முதல் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. மீதியெல்லாம் மனோதர்மம். குழுவின் முதல் தொகுப்பில் இருந்த 'மாண்ட்ரேக் ரூட்' என்ற பாடலை மேடையில் நீட்டி வாசித்துவந்தவர்கள், அந்த நீட்சியை அப்படியே இங்கே பெயர்த்து நட்டார்கள். முதலில் லார்ட் தனியாக, பிறகு பிளாக்மோர் தனியாக. ஒலி மிகத் தணிந்து, கித்தாரின் ஒலியளவுக் குமிழைத் திருகித் திருகி வயலின் வில் இழுப்பதுபோன்ற நாதத்தை எழுப்பி, அங்கிருந்து இரைச்சலின் எல்லை வரை. இந்தப் பக்கம் எல்லாருக்கும் உரியதன்று. இடையில் தொய்வு உண்டு. ஆயினும் அந்தத் தொய்வையும் வெட்டாமல் வைத்தது சரியான முடிவு. அடுத்து என்ன வரும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத இடங்கள் அவை. அவற்றை வெட்டினால் மீண்டும் எழும் இடத்தின் வலிமை போய்விடும்.

ஊர் திரும்பிய பிறகு, ஒலிக்கலவைக்கு வந்தமர்ந்தவர்கள் குளோவரும் பெய்ஸும் மட்டுமே. கில்லனும் பிளாக்மோரும் எட்டிப் பார்க்கவில்லை. மேடையில் லார்ட் அவையோருக்கு இடப்பக்கமும் பிளாக்மோர் வலப்பக்கமும் நிற்பார்கள்; தட்டிலும் ஆர்கன் இடக்காதிலும் கித்தார் வலக்காதிலுமாக அந்த இடைவெளி காக்கப்பட்டது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் இரு வாத்தியங்களுக்கும் நடக்கும் உரையாடலைத் தனித்தனியாகப் பின்தொடரலாம். கூடத்தில் உட்கார்ந்து புதிதாக வாசித்தோ பாடியோ எதுவும் சேர்க்கப்படவில்லை.

இந்தக் கடைசிச் செய்தி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் பத்தாண்டின் பிற தட்டுகள் சொல்லும். கிஸ் குழுவின் 'அலைவ்!' (1975), தின் லிஸி குழுவின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' (1978) ஆகிய இரண்டும் புகழ்பெற்ற மேடைத் தட்டுகள். இரண்டிலும் கச்சேரிக்குப் பிறகு கூடத்தில் சேர்த்த பகுதிகள் உண்டு. எவ்வளவு என்பதில்தான் தகராறு. அவற்றின் இன்பம் அதனால் குறையவில்லை என்று வாதிடலாம். ஆனால் அன்றைக்கு மேடையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு அவை சாட்சியாக நிற்க முடியாது. 'மேட் இன் ஜப்பான்' நிற்கும்.

அதே வேளையில், அதுவும் நடந்ததை நடந்தபடி தருவதில்லை. மூன்று இரவுகளைச் சேர்த்து ஒரே இரவாக்கியிருக்கிறார்கள். மேடையில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இரண்டாவதாக வரும். தட்டில் அது மூன்றாவது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் போனால் ஒலித்தரம் குறையும் என்பது வினைல் தட்டின் இயல்பு. நீளமான பாடலையும் குட்டையான பாடலையும் இணை சேர்த்துப் பக்கங்களைச் சமன்படுத்தியபோது வரிசை மாறியது. கச்சேரி முடிந்து ரசிகர்கள் கேட்டுக்கொண்டதற்காக வாசித்த பாடல்களுக்கு இடமே இல்லை. ஆக, இந்தத் தட்டில் உள்ள ஒவ்வொரு ஒலியும் மேடையில் எழுந்தது. தட்டில் உள்ள கச்சேரியோ எந்த ஊரிலும் எந்த இரவிலும் அப்படியே நடந்ததில்லை. மேடைப் பதிவு என்பதை ஆவணமாக மதிப்பிடுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சேர்த்தல் வேறு, தேர்தல் வேறு. முன்னது கேட்பவரை ஏமாற்றுகிறது. பின்னது எந்தத் தொகுப்பாசிரியரும் செய்யும் பணி.

அட்டையைக் குளோவரே வடிவமைத்தார், பொன்னிறப் பின்னணி. பெயர், ஏற்றுமதிப் பொருட்களின் மீது அச்சிடும் முத்திரை. 1972 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியானபோது இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டின் விலையை ஒட்டியே விற்றார்கள். அங்கே 16ஆம் இடம் வரை சென்றது. ஜப்பானில் 'லைவ் இன் ஜப்பான்' என்ற பெயரில் வேறு அட்டையோடு வந்தது. அமெரிக்காவில் வார்னர் நிறுவனம் புதிய கூடப் பதிவான 'ஹூ டூ வீ திங்க் வீ ஆர்' தொகுப்பை முதலில் விற்க விரும்பி, மேடைத் தட்டை 1973 ஏப்ரல் வரை தாமதப்படுத்தியது. வந்ததும் அது பில்போர்டு பட்டியலில் 6ஆம் இடத்தைப் பிடித்தது. கூடவே 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தனித் தட்டாக, ஒரு பக்கம் கூடப் பதிவும் மறுபக்கம் மேடைப் பதிவுமாக வெளியாகி 4ஆம் இடம் வரை ஏறியது. ஓராண்டுக்கு முன் வந்த 'மெஷின் ஹெட்' அதன் தோளைப் பிடித்துக்கொண்டு மீண்டும் விற்பனையில் எழுந்தது. ஜப்பானுக்கு மட்டும் என்று எடுத்த பதிவு குழுவை அமெரிக்காவின் முன்னணிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த வெற்றியை அனுபவிக்க அணி நிலைக்கவில்லை. ஓயாத பயணமும் பிளாக்மோர்-கில்லன் பிணக்கும் முற்றிவிட்டிருந்தன. கில்லன் 1972 இறுதியிலேயே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். ஒப்புக்கொண்ட கச்சேரிகளை முடித்துக்கொடுத்தார். குளோவரும் அவரோடு வெளியேறும்படி ஆயிற்று. அவர்களின் கடைசிக் கச்சேரி 1973 ஜூன் 29 அன்று நடந்தது. ஊர், அதே ஒசாகா. ஐவரும் மீண்டும் ஒன்று சேர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தட்டுக்குப் பிறகு 'ஜப்பானில் பதிவானது' என்பதே ஒரு தகுதியாயிற்று. 1973இல் சான்டானா குழு ஒசாகாவில் 'லோட்டஸ்' தட்டைப் பதிவு செய்தது. 1978இல் பாப் டிலனும் சீப் டிரிக் குழுவும் புடோகனில் பதிவு செய்த தட்டுகள், ஜூடோ அரங்கின் பெயரை மேற்கத்திய ரசிகர்களின் வாயில் பழக்கின. சீப் டிரிக்கின் தட்டும் முதலில் ஜப்பானுக்கென்று வந்து, இறக்குமதியாகி, பிறகு அமெரிக்காவில் வெளியானது. ஜப்பானிய அவையோரின் பங்கை இங்கே குறைத்துச் சொல்லக் கூடாது. வாசிப்பின்போது கவனத்தோடு அமைதி, முடிந்ததும் முழு மனத்தோடு கைதட்டல். தணிந்த பகுதிகள் கூச்சலில் மூழ்காமல் நாடாவில் ஏறியதற்கு அந்த ஒழுக்கமும் ஒரு காரணம்.

மார்ட்டின் பர்ச் பின்னர் பிளாக் சாபத், அயர்ன் மெய்டன் முதலிய குழுக்களின் தயாரிப்பாளராகி, பிரிட்டனின் ஹெவி மெட்டல் ஒலியை வடித்தவர்களில் முதன்மையானவரானார். அயர்ன் மெய்டன் 1981இல் ஜப்பானில் பதிவு செய்த தன் மேடைத் தட்டுக்கு 'மெய்டன் ஜப்பான்' என்று பெயரிட்டது. எதை நினைத்து வைத்த பெயர் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜான் லார்ட் 2012இல் மறையும் வரை, டீப் பர்ப்பிள் தட்டுகளில் தமக்குப் பிடித்தது இதுவே என்று கூறிவந்தார்.

1993இல் மூன்று இரவுகளின் பெரும்பகுதியும் மூன்று குறுந்தகடுகளாக வெளியாயின. 1998 மறுபதிப்பில் விடுபட்ட நிறைவுப் பாடல்கள் சேர்ந்தன. 2014இல் மூன்று கச்சேரிகளும் முழுமையாக ஒரே பெட்டியில் வந்தன. குளோவரும் பெய்ஸும் செய்த தேர்வை இவற்றால் சோதித்துப் பார்க்க முடிகிறது. 16ஆம் தேதி இரவுதான் மூன்றிலும் உயர்ந்தது என்பது ஐயமின்றித் தெரிகிறது. ஏழில் நான்கு பாடல்களை அந்த இரவிலிருந்து எடுத்தவர்களின் காது தவறவில்லை. புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் 1972இன் ஏழு பாடல்களை அவை தட்டில் உள்ள வரிசையிலேயே முதலில் கேட்கட்டும். பிறகு ஆகஸ்ட் 16 ஒசாகா இரவை முழுமையாகக் கேட்டால், தட்டில் இடம்பெறாத அந்த இரவின் மீதி எப்படி இருந்தது என்பதும் கைக்கு வரும்.